பூங்கா டிக்கெட்டை உயர்த்திக் கட்டலாமா? வணிகருக்கு ஒரு விடுமுறைக் கணக்கு



பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "இந்த வருஷம் எங்கே கூட்டிப் போறீங்க?" என்பதுதான். காலையில் கடை திறந்து, இரவு கல்லாவை எண்ணி முடித்துச் சாத்தும் மளிகைக் கடைக்காரருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம் அல்ல. ஒரு நாள் கடை அடைத்தால் அன்றைய வியாபாரம் போகும். தயிர், காய்கறி போன்ற சரக்கு வீணாகும். வழக்கமாக வருகிறவர் பக்கத்துக் கடையைப் பார்த்துப் பழகிக்கொள்வார். மே 5 வணிகர் தினத்துக்குக் கடை அடைத்து மாநாட்டுக்குப் போய்வந்த பிறகு, குடும்பத்துக்கென்று இன்னொரு நாள் அடைப்பதற்கு மனம் வருவதில்லை. ஆகவே வருடத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அந்த ஒரு நாளில் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்கும் இடம் தீம் பார்க் என்னும் கேளிக்கைப் பூங்காதான்.

கெடார், காணை, விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் உள்ள நமக்குப் பூங்கா என்றால் சென்னைப் பக்கம்தான். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., அதைத் தாண்டி ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. இருக்கின்றன. பெங்களூர்ச் சாலையில் பூந்தமல்லியைத் தாண்டினால் குயின்ஸ்லேண்ட் இருக்கிறது. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறக்கப்பட்டது. செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் சாலையில் திரும்பினால் சென்னை நெரிசலுக்குள் போகாமலே அங்கே போய்ச் சேரலாம். விடியற்காலை கிளம்பி அன்றிரவே வீடு திரும்பிவிடலாம் என்பதால் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது வசதி.

போகிற வழியைப் பற்றி இத்துடன் விட்டுவிடுவோம். பூங்கா வாயிலில் நின்றதும் கேட்கப்படும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "சார், இன்னும் இவ்வளவு கட்டினால் வரிசையில் நிற்க வேண்டாம். டிக்கெட்டை அப்கிரேடு செய்துகொள்கிறீர்களா?" பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள். அரை ரூபாய் வித்தியாசத்துக்குக் கொள்முதலில் பேரம் பேசும் வணிகர், அந்த இடத்தில் யோசிக்காமல் ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அல்லது கோபத்தோடு வேண்டாம் என்று சொல்லி, அன்று முழுவதும் பிள்ளைகளின் வாடிய முகத்தைப் பார்க்கிறார். இரண்டும் வேண்டாம். கணக்கை வீட்டிலேயே போட்டுவிடலாம்.

அப்கிரேடு என்றால் என்ன?

கையில் உள்ள டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, அதைவிட உயர்ந்த டிக்கெட்டுக்கு வித்தியாசத் தொகையை மட்டும் கட்டி மாற்றிக்கொள்வதே அப்கிரேடு. நம் கடையில் அரைக்கிலோ பாக்கெட் வாங்கிப் போனவர் பிரிக்காமல் திரும்பக் கொண்டுவந்து, "ஒரு கிலோவாகக் கொடுங்கள் அண்ணாச்சி" என்றால், மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுக்கிறோம் அல்லவா, அதே வழக்கம்தான்.

பூங்காக்களில் இது பெரும்பாலும் நான்கு வகையில் வரும். முதல் வகை, நுழைவுக் கட்டணம் மட்டும் கட்டியவர் ராட்டினங்களுக்கும் சேர்த்துக் கட்டுவது. இரண்டாவது, சாதாரண டிக்கெட்டிலிருந்து, வரிசையைத் தாண்டிப் போகும் விரைவு டிக்கெட்டுக்கு மாறுவது. வொண்டர்லாவில் இதற்கு ஃபாஸ்ட் டிராக் என்று பெயர். மூன்றாவது, ஒரு நாள் டிக்கெட்டை இரண்டு நாள், மூன்று நாள் டிக்கெட்டாகவோ வருடச் சீட்டாகவோ மாற்றுவது. வெளிநாட்டுப் பூங்காக்களில் இது அதிகம். நான்காவது, பக்கத்திலுள்ள இன்னொரு காட்சியையும் சேர்த்துக்கொள்வது. வி.ஜி.பி.யின் கடல் மீன் காட்சியகத்துக்குத் தனி டிக்கெட் இருப்பது இதற்கு உதாரணம்.

எங்கிருந்து வந்தது இந்த ஏற்பாடு?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. தொடக்கத்தில் பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாகக் காசு. ஒவ்வொரு இடத்திலும் சில்லறை எண்ணிக் கொடுப்பது வருகிறவருக்கும் தொல்லை, நிர்வாகத்துக்கும் தொல்லை. அதே ஆண்டு அக்டோபரில் கூப்பன் புத்தகம் கொண்டுவந்தார்கள். அதில் ஏ, பி, சி என்று மூன்று தரக் கூப்பன்கள் இருந்தன. பின்னர் 1956-இல் டி, 1959-இல் இ சேர்ந்தன. ஏ என்றால் சாதாரணக் குழந்தை விளையாட்டு. இ என்றால் எல்லாரும் முண்டியடிக்கும் பெரிய விளையாட்டு.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. இ கூப்பன்கள் முதலில் தீர்ந்துபோகும், ஏ கூப்பன்கள் மிஞ்சிவிடும். மிஞ்சியதை ஜனங்கள் வீட்டு மேஜை டிராயரில் போட்டுவைத்தார்கள். காம்போ பாக்கெட்டில் வேண்டாத சோப்பும் சேர்ந்து வருவது போலத்தான் இது. கடைசியில் 1982-இல் கூப்பன் முறையைக் கைவிட்டு, ஒரே கட்டணத்தில் எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். நம் நாட்டில் பின்னர் வந்த பெரிய பூங்காக்களும் இந்த ஒரே கட்டண முறையையே பெரிதும் கைக்கொண்டன.

ஒரே கட்டணம் வந்ததும் காசுத் தொல்லை தீர்ந்தது. ஆனால் வரிசை நீண்டது. வரிசையைக் குறைக்க டிஸ்னி 1999-இல் ஒரு முன்பதிவுச் சீட்டு முறையைத் தொடங்கியது. அது இலவசம். புளோரிடாவில் உள்ள அவர்களது பூங்காக்களில் 2021 அக்டோபர் முதல் அதே வசதிக்குத் தனிக் கட்டணம் வந்துவிட்டது. காய்கறி வாங்குகிறவருக்குக் கொசுறாகக் கொடுத்த கறிவேப்பிலைக்கு ஒரு நாள் காசு கேட்பது போல, இலவசமாக இருந்த வசதி அப்கிரேடு ஆனது. 2010-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸிலும் வரிசையைத் தவிர்க்கும் சீட்டைத் தனியாக விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நம் ஊர்ப் பூங்காக்களின் விரைவு டிக்கெட்டும் இதே வழியில் வந்ததே.

விற்பவருக்கு இதில் அடக்கம் எவ்வளவு?

நாம் ஒரு கிலோ துவரம்பருப்பு கூடுதலாக விற்றால், அந்த ஒரு கிலோவுக்கும் கொள்முதல் விலை உண்டு, வண்டிக்கூலி உண்டு, சேதாரம் உண்டு. பூங்கா வணிகம் அப்படிப்பட்டதன்று. நிலம், ராட்டினம், மின்சாரம், ஆட்கள் சம்பளம், பராமரிப்பு எல்லாம் ஐநூறு பேர் வந்தாலும் ஐயாயிரம் பேர் வந்தாலும் பெரும்பாலும் ஒரே செலவுதான். கூடுதலாக ஒருவர் உள்ளே வருவதால் அவர்களுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். விரைவு டிக்கெட்டிலோ கூடுதல் சரக்கே கிடையாது. இருக்கும் வரிசையில் ஒருவரை முன்னால் விடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே வித்தியாசத் தொகையில் பெரும்பகுதி அவர்களுக்கு லாபமே. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கான கோடி போட்டவர்கள் முதலை எடுக்க வேண்டும். ஆனால் வாங்குபவராக நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை விரைவு டிக்கெட் என்று அளவு வைத்து விற்பார்கள். கூட்ட நாளில் அது தீர்ந்துபோகும். கூட்டம் இல்லாத நாளில் மதியம் வரைக்கும் கிடைக்கும். எனவே "இப்போதே எடுக்காவிட்டால் கிடைக்காது" என்ற பேச்சு எல்லா நாளும் உண்மை அல்ல.

முதல் விதி: மேலே ஏறலாம், கீழே இறங்க முடியாது

அப்கிரேடு ஒருவழிப் பாதை. சாதாரண டிக்கெட்டை உயர்ந்த டிக்கெட்டாக மாற்றலாம். உயர்ந்த டிக்கெட்டை எடுத்துவிட்டு, "கூட்டமே இல்லையே, சாதாரண டிக்கெட் போதும், மீதியைக் கொடுங்கள்" என்றால் கொடுக்க மாட்டார்கள். இது அமெரிக்கா முதல் சென்னை வரை பொதுவான வழக்கம். ஆகவே சந்தேகம் இருந்தால் குறைந்த டிக்கெட்டில் தொடங்குவதே புத்தி. உள்ளே போய் ஒரு சுற்று சுற்றி, வரிசை நீளத்தைக் கண்ணால் பார்த்து, தேவைப்பட்டால் பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

ஆனால் இதற்குக் கெடு உண்டு. டிக்கெட்டுக்கு உயிர் இருக்கும்போதே மாற்ற வேண்டும். டிஸ்னி போன்ற பூங்காக்களில் ஒரு நாள் டிக்கெட்டைப் பயன்படுத்தி நாள் முழுதும் சுற்றிவிட்டு, அன்று முடிவதற்குள் அலுவலகத்துக்குப் போய், கட்டிய தொகையைக் கழித்துக்கொண்டு பல நாள் டிக்கெட்டாகவோ வருடச் சீட்டாகவோ மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அந்த நாள் கடந்துவிட்டால் பழைய டிக்கெட் வெறும் காகிதம்தான். மறுநாள் போய்க் கேட்டால் முழு விலை. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊர்ப் பூங்காக்களில் உள்ளே போன பிறகு உயர்த்த முடியுமா, எந்த இடத்தில், எத்தனை மணி வரை என்பதை நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

விரைவு டிக்கெட்: மணிக்கணக்கில் போட வேண்டிய கணக்கு

கீழே உள்ள எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. போகும் நாளின் உண்மை விலையைக் கேட்டு அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வார நாள், சனி ஞாயிறு, விடுமுறைக் காலம் என்று விலை மாறும்.

சாதாரண டிக்கெட் 1,500 ரூபாய், விரைவு டிக்கெட் 2,700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,200 ரூபாய். பூங்கா காலை 11 முதல் மாலை 6 வரை, ஆக 7 மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி, தண்ணீர் விளையாட்டுக்கு இரண்டு மணி போக, பெரிய ராட்டினங்களுக்கு மிஞ்சுவது 4 மணி, அதாவது 240 நிமிடம்.

மே மாத ஞாயிற்றுக்கிழமை. வரிசையோடு சேர்த்து ஒரு ராட்டினத்துக்கு 60 நிமிடம் ஆகிறது என்றால், சாதாரண டிக்கெட்டில் 4 ராட்டினம் ஏறலாம். விரைவு டிக்கெட்டில் 20 நிமிடம் என்றால் 12 ராட்டினம். 1,200 ரூபாய்க்கு 8 ராட்டினம் கூடுதல். ஒன்றுக்கு 150 ரூபாய் அடக்கம்.

அதே மே மாதத்தில் ஒரு புதன்கிழமை. சாதாரண வரிசையில் 25 நிமிடம் என்றால் 9 ராட்டினம் ஆகிவிடும். விரைவு டிக்கெட்டில் 15 நிமிடத்தில் ஒன்று என்று போட்டாலும், ஏறத் தகுந்த பெரிய ராட்டினமே 12-தான் என்றால் 12-க்கு மேல் போக இடம் இல்லை. 1,200 ரூபாய்க்கு 3 ராட்டினம்தான் கூடுதல். ஒன்றுக்கு 400 ரூபாய் அடக்கம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரருக்கு ஞாயிறும் ஒன்றுதான், புதனும் ஒன்றுதான். மாதச் சம்பளக்காரருக்கு ஞாயிறு விட்டால் வேறு நாள் இல்லை, ஆகவே அவர் கூட்ட நாளில் போய்க் கூடுதல் கட்ட வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாத முதல் வாரத்துச் சாமான் பட்டியல் வியாபாரம் முடிந்து, இருபது தேதிக்கு மேல் வியாபாரம் மந்தமாக இருக்கும் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுத்தால், கடை இழப்பும் குறைவு, டிக்கெட் விலையும் பெரும்பாலும் குறைவு, வரிசையும் குறைவு. நாளை மாற்றுவதால் கிடைக்கும் நன்மை, அப்கிரேடு செய்வதால் கிடைப்பதைவிட அதிகம்.

இன்னொன்று, யாருக்காகக் கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். பாட்டியம்மா ராட்டினத்தில் ஏறப்போவதில்லை. பெரிய ராட்டினங்களில் வயதைப் பார்க்காமல் உயரத்தை அளந்துதான் ஏற்றுகிறார்கள். 140 சென்டிமீட்டர் என்பது பல பெரிய ராட்டினங்களுக்கு வைக்கப்படும் குறைந்த அளவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த உயரம் பெரும்பாலும் இருக்காது. இதய நோய், முதுகுவலி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் ஏற்ற மாட்டார்கள். ஆகவே கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தை அளந்து பாருங்கள். ஐந்து பேர் குடும்பத்தில் விரைவு டிக்கெட் உண்மையில் பயன்படுவது இரண்டு பேருக்குத்தான் என்று தெரியவரலாம். அன்று எந்தெந்த ராட்டினம் பழுது பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டுள்ளது என்பதையும் பணம் கட்டும் முன் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டுப் பயன் இல்லை.

இரண்டாம் நாள்: மலிவு போலத் தெரியும் சரக்கு

ஒரு நாள் டிக்கெட் 1,500 ரூபாய், இரண்டு நாள் டிக்கெட் 2,100 ரூபாய் என்று பலகையில் போட்டிருந்தால், இரண்டாம் நாள் 600 ரூபாய்தானே என்று ஆசை வரும். பல நாள் டிக்கெட் விற்கும் பூங்காக்கள் எல்லாம் நாள் கூடக்கூட நாள் ஒன்றுக்கு ஆகும் விலையைக் குறைத்துத்தான் வைக்கின்றன. மேலே சொன்னபடி இரண்டாம் நாளில் அவர்களுக்கு அடக்கம் குறைவு. நமக்கோ அடக்கம் அதிகம்.

நான்கு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போடுவோம். டிக்கெட் வித்தியாசம் 600 வீதம் 2,400. இரவு தங்கும் அறை 2,500. இரண்டாம் நாள் சாப்பாடு, தண்ணீர், சில்லறைச் செலவு 1,600. கடை இன்னொரு நாள் அடைப்பதால், ஒரு நாள் வியாபாரம் 12,000 ரூபாயும் லாபம் நூற்றுக்கு 8-ம் என்றால் 960. வீணாகும் சரக்கு 300. கூட்டினால் 7,760 ரூபாய். தலைக்கு 1,940 ரூபாய். 600 ரூபாய் என்று தெரிந்த இரண்டாம் நாள், 1,500 ரூபாய் முதல் நாள் டிக்கெட்டைவிடக் கூடுதலாகப் போய்விட்டது.

கம்பெனி விலையை மட்டும் பார்த்து யாராவது சரக்கு எடுப்போமா? லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்துத்தானே அடக்கம் போடுகிறோம். அந்தக் கணக்கே இங்கும் வேண்டும். முதல் நாளுக்கும் இதே போல அடக்கம் போடுங்கள். விக்கிரவாண்டி, ஆத்தூர்ச் சுங்கச்சாவடிக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், பொருட்கள் வைக்கும் பெட்டி வாடகை, தண்ணீர் விளையாட்டுக்கான நைலான் உடை எல்லாம் அதில் வரும். சேலை, வேட்டி, சாதாரணப் பருத்தி உடையோடு தண்ணீரில் இறங்க விடுவதில்லை. விழுப்புரத்திலேயே நைலான் உடை வாங்கிக்கொண்டு போனால் அங்கே வாடகையோ விலையோ கொடுக்க வேண்டியதில்லை. வெளி உணவைப் பெரும்பாலும் உள்ளே அனுமதிப்பதில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தள்ளுபடி டிக்கெட்டில் வித்தியாசம் எங்கிருந்து?

வணிகர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய நுட்பம் இது. பலகை விலை 1,500. நீங்கள் கைப்பேசியில் முன்கூட்டியே பதிவு செய்து 10 சதவீதத் தள்ளுபடியில் 1,350-க்கு வாங்கியிருக்கிறீர்கள். வாயிலில் 2,700 ரூபாய் டிக்கெட்டுக்கு உயர்த்தும்போது வித்தியாசத்தைப் பலகை விலையிலிருந்து கணக்கிட்டால் 1,200. நீங்கள் கட்டிய விலையிலிருந்து கணக்கிட்டால் 1,350. இரண்டாவது முறையில் முன்பு கிடைத்த தள்ளுபடி முழுவதும் திரும்பப் போய்விடுகிறது.

உயர்ந்த டிக்கெட்டையே முன்பதிவில் அதே 10 சதவீதத் தள்ளுபடியில் வாங்கியிருந்தால் 2,430 ரூபாயில் முடிந்திருக்கும். வாயிலில் உயர்த்தியவருக்கு மொத்தம் 2,550 அல்லது 2,700 ஆகிறது. நான்கு பேருக்கு 1,080 ரூபாய் வரை கூடுதல். எனவே முன்பு சொன்ன விதிக்கு ஒரு விலக்கு உண்டு. கூட்ட நாளில்தான் போக வேண்டும், எல்லாரும் ராட்டினம் ஏறுகிறவர்கள் என்பது நிச்சயமாகத் தெரிந்தால், வீட்டிலிருந்தே உயர்ந்த டிக்கெட்டைத் தள்ளுபடியில் வாங்குவது லாபம். நிச்சயம் இல்லையென்றால் குறைந்த டிக்கெட்டில் தொடங்கலாம். உயர்த்தும்போது வித்தியாசத்தை எந்த விலையிலிருந்து கழிப்பீர்கள் என்று முன்பதிவுக்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

வரி விஷயம்

கேளிக்கைப் பூங்கா நுழைவுக்கு 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது 28 சதவீதம் விதிக்கப்பட்டது. 2018 ஜனவரி 25 முதல் அது 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அப்கிரேடு செய்யும்போது கட்டும் வித்தியாசத் தொகைக்கும் வரி உண்டு.

நாம் விற்கும் பாக்கெட் சரக்கில் எம்.ஆர்.பி. என்றால் எல்லா வரிகளும் சேர்ந்த விலை. பூங்கா டிக்கெட்டுக்கு எம்.ஆர்.பி. அச்சிடும் சட்டம் பொருந்தாது. ஆகவே பலகையில் உள்ள விலை வரி சேர்த்ததா, வரி தனியா என்று கேட்க வேண்டும். வித்தியாசம் 1,200 ரூபாய், வரி சேர்த்தது என்றால் அதற்குள் 183 ரூபாய் வரி இருக்கிறது. வரி தனி என்றால் 1,416 கட்ட வேண்டும். நான்கு பேருக்கு 864 ரூபாய் கூடிவிடும்.

கடைப் பெயரில் ஜி.எஸ்.டி. எண் போட்டு பில் வாங்கினால் இன்புட் கிரெடிட் எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எடுக்க முடியாது. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்கு இன்புட் கிரெடிட் கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. இணக்க முறையில், அதாவது காம்பவுண்டிங்கில் வரி கட்டும் கடைக்காரருக்கு இன்புட் கிரெடிட் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் பில்லை வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள். சொன்ன வசதியைக் கொடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய அதுவே ஆதாரம்.

சங்கச் சுற்றுலாவில் ஒரு சொல்

சங்கத்தின் சார்பில் பஸ் பிடித்து ஐம்பது பேர் போகும்போது இந்த அப்கிரேடு விஷயம் மனக்கசப்பில் முடிவதுண்டு. மொத்தக் கடைக்காரரின் பிள்ளைகள் கையில் விரைவு டிக்கெட்டின் பட்டை இருக்கும். பெட்டிக்கடைக்காரரின் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் வரிசையில் நிற்பார்கள். ஒரே பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த குழந்தைகள்தான் இவர்கள். அப்பாக்களுக்குள் ஒரு வார்த்தையும் நடந்திருக்காது, ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் பாட்டு இருக்காது.

இதைத் தவிர்க்க, கிளம்புவதற்கு முன்பே கூட்டம் போட்டு, எல்லாருக்கும் ஒரே வகை டிக்கெட் என்று முடிவு செய்துவிடலாம். வார நாளில் போனால் விரைவு டிக்கெட் தேவையே இருக்காது, எல்லாரும் ஒன்றாகவே வரிசையில் நின்று பேசிச் சிரித்துக்கொண்டு போகலாம். குழுவாக வருபவர்களுக்குப் பல பூங்காக்கள் சலுகை தருகின்றன. குறைந்தது எத்தனை பேர், ஆள் குறைந்தால் பணம் திரும்புமா, குழு டிக்கெட்டைத் தனித்தனியாக உயர்த்த முடியுமா, சாப்பாடு சேர்ந்ததா என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது செயலாளரின் பொறுப்பு.

நம் கல்லாவுக்கு ஒரு பாடம்

அப்கிரேடு என்ற ஏற்பாட்டில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க நல்ல வழக்கம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் ஏற்கெனவே கொடுத்த பணம் வீண் போகாது, மீதியைக் கட்டினால் போதும் என்ற நம்பிக்கைதான் அது. ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கியவர் அன்று மாலையே விருந்தாளி வந்ததால் ஐந்து லிட்டர் டின் கேட்டால், பிரிக்காத பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வித்தியாசம் மட்டும் வாங்குங்கள். முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பவரிடம்தான் அடுத்த மாதச் சாமான் பட்டியல் வரும். தவணை முறையில் வீட்டுச் சாமான்கள் விற்றுத் தமிழகம் முழுதும் பெயர் பெற்ற நிறுவனம்தான் வி.ஜி.பி. வீகார்ட் ஸ்டெபிலைசர் தொழிலில் வளர்ந்த கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் கொச்சி அருகே தொடங்கிய வீகாலேண்ட்தான் இன்றைய வொண்டர்லாவின் வேர். வாடிக்கையாளரின் வசதி அறிந்து பணம் வாங்கும் முறையை வகுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

ஆனால் அவர்கள் கொடுக்கும் அளவுக்கு விலைச் சலுகையை நாம் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. அவர்களுக்குக் கூடுதல் டிக்கெட்டில் அடக்கம் இல்லை. நமக்கு ஒவ்வொரு கிலோவிலும் அடக்கம் உண்டு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியவர்கள் சொன்ன வழி. பிள்ளைகளின் சந்தோஷத்துக்குச் செலவு செய்வதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. எவ்வளவு வரை என்று வீட்டில் உட்கார்ந்து, மனைவியையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, விலைப்பட்டியலைப் பார்த்துப் பேசி முடிவு செய்துவிடுங்கள். "இந்த வருஷம் புதன்கிழமை போறோம், சாதாரண டிக்கெட், வரிசை பெரிசா இருந்தா உங்க ரெண்டு பேருக்கு மட்டும் மதியத்துக்குள்ள மாத்திக்கலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு புதிது அல்ல. வாயிலில் அந்தக் கேள்வி வரும்போது பதில் தயாராக இருக்கும். மிச்ச நாளை அவர்களோடு நிம்மதியாகக் கழிக்கலாம்.